மாடி ரூமில் மலைப்பாம்பு: வெச்சுக்கலாமா, வேண்டாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பதினொரு மணி இருக்கும். காலேஜில் என்கூடப் படிச்ச நண்பன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். இந்த நேரத்துக்கு இந்த மாதிரி ஆள் கூப்பிட்டா ஒண்ணு கல்யாணமா இருக்கணும், இல்ல வேலை போயிருக்கணும். ரெண்டும் இல்லை.

"மாப்ள, உங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தானே கெடக்கு?"

"ஆமா, ஏன்டா?"

"ஜெர்மனியில வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். ஒருத்தன உங்கிட்ட விட்டுட்டுப் போலாம்னு பாக்குறேன்."

அவன் தம்பியைச் சொல்றான்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் ஒரு போட்டோ வந்துச்சு. மஞ்சளும் வெள்ளையுமா, சோஃபா முழுக்க ஒரு பாம்பு.

அல்பினோ பர்மீஸ் பைதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாட்ஸ்அப் குரூப் வழியா வாங்கினப்போ ரெண்டடி இருந்துச்சாம். இப்போ பதினோரு அடி. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முயல் போட்டா போதும்னு சொன்னான். "பேப்பர் எல்லாம் இருக்கு மாப்ள, பிரச்சினையே இல்ல"ன்னும் சொன்னான். அந்தப் பேப்பரை அனுப்பச் சொன்னேன். ஒரு பில். "எக்ஸாட்டிக் பெட் – 1"னு போட்டிருந்துச்சு. அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு ஆசையா இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து பாம்புன்னா எனக்கு ஒரு கிறுக்கு. மறுநாள் காலையிலேயே டேப் எடுத்துட்டுப் போய் மாடி ரூமை அளந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து. ரெண்டு நாள் தலைக்குள்ள அந்த ரூமைக் கட்டிக்கிட்டே இருந்தேன். ஹீட்டர் எங்க, தண்ணித் தொட்டி எங்க, கதவுக்கு என்ன தாழ்ப்பாள்னு.

மூணாவது நாள்தான் படிக்க உட்கார்ந்தேன். வேற வேற ஊர்ல, வேற வேற காலத்துல, பெரிய பாம்பை வீட்டுக்குள்ள கொண்டு வந்தவங்க கதை எல்லாம் எப்படி முடிஞ்சுச்சு? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பாம்பு அளந்த ஊர்

எங்க வீடு நாகமலைப் புதுக்கோட்டையில. மதுரையிலிருந்து மேற்கே தேனி ரோட்டில் வந்தா, நீளமா ஒரு மலை படுத்திருக்கும். அதுதான் நாகமலை. திருவிளையாடற் புராணத்தில், சமணர்கள் வேள்வியிலிருந்து ஏவிய ஒரு பெரிய பாம்பை பாண்டியன் அம்பு எய்து கொன்றான்னு ஒரு படலம் வருது. அந்தப் பாம்புதான் மலையாக் கிடக்குன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதே புராணத்தில் இன்னொரு கதை. பிரளயத்துக்கு அப்புறம் மதுரையோட பழைய எல்லை எதுன்னே தெரியாமப் போயிடுது. சிவன் கையில் கங்கணமா இருந்த பாம்பு இறங்கி, ஊரைச் சுத்தி வந்து, தன் வாலைத் தன் வாயால் கவ்வி எல்லையைக் காட்டுது. மதுரைக்கு ஆலவாய்னு பேர் வந்ததுக்குப் புராணம் சொல்ற காரணம் இதுதான்.

சங்க காலத்துக்குப் போனா கதை இல்லாமலேயே ஒரு பாம்பு கிடைக்குது. மலைபடுகடாம் என்கிறது கூத்தர்களுக்கு வழி சொல்ற பாட்டு. இப்போ நாம லொகேஷன் அனுப்புற மாதிரி, இந்த இடத்துல இது இருக்கும், பார்த்துப் போங்கன்னு வரிசையாச் சொல்லிக்கிட்டே வரும். அதில் ஒரு எச்சரிக்கை: விழுந்த மரம் மாதிரி கிடக்குறது மரமா இருக்காது, மாசுணமா இருக்கும், விலகிப் போங்க. மாசுணம்னா மலைப்பாம்பு.

இந்தக் கதைகள்ல எல்லாம் பெரும்பாம்பு ஊருக்கு வெளியே இருக்கு, இல்ல எல்லையில இருக்கு. வீட்டுக்குள்ள வந்த கதைக்கு நாம 1950-களுக்கு வரணும். அதுவும் நம்ம பக்கத்து மலையிலேயே நடந்துச்சு.

கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பு

ராமுலஸ் விட்டேகர். 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்னப் பையனா அம்மாவோட இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானல் போர்டிங் ஸ்கூலில் படிச்சார். இன்னைக்கு அது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அங்கே ஹாஸ்டலில் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பு வளர்த்தார். வார்டனுக்குத் தெரியாம பிஸ்கட் டப்பாவை ஒளிச்சு வைக்கவே நாம எவ்வளவு கஷ்டப்பட்டோம்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு "பாரு, அவரே வளர்த்திருக்கார்"னுதான் முதல்ல தோணுச்சு. நண்பனும் இதையேதான் சொன்னான். பாம்பு வளர்க்குற எல்லாருக்கும் விட்டேகர் ஒரு சாட்சி.

ஆனா அடுத்து அவர் என்ன பண்ணார்னு பார்க்கணும். 1960-களில் அமெரிக்கா போய், மயாமியில் பாம்பு விஷம் எடுக்கிற பில் ஹாஸ்ட்கிட்ட வேலை பார்த்தார். ஹாஸ்ட் நடத்தின இடத்துக்கு மயாமி சர்ப்பென்டேரியம்னு பேர். 1967-ல் இந்தியா திரும்பினார். 1972-ல் கிண்டியில் பாம்புப் பண்ணை வந்துச்சு. 1976-ல் ஈசிஆரில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. பாம்பு மேல இருந்த அந்த ஆசை, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளிய வந்து, எல்லாரும் பார்க்கிற இடமா, ஆராய்ச்சி நடக்கிற இடமா மாறுச்சு. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. அவர் ஹாஸ்டலில் பாம்பு வெச்சிருந்தப்போ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இந்தியாவில் இல்லை. அது வந்தது 1972-ல். என் நண்பன் பாம்பு வாங்கினப்போ அந்தச் சட்டத்துக்கு வயசு ஐம்பதைத் தொட்டிருந்துச்சு.

"உங்க வீட்டுல என்ன இருக்கு?"

சட்டத்தை எடுத்து வெச்சுப் படிச்சேன். டாக்குமெண்டேஷன் படிக்கிறது நம்ம தொழில்தானே. படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிஞ்சுது. ஐம்பது வருஷமா அரசாங்கம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருக்கு: உங்க வீட்டுல என்ன இருக்கு?

முதல் தடவை 1972. பட்டியலில் உள்ள விலங்கை யாராவது வீட்டில் வெச்சிருந்தா, சட்டம் அமலுக்கு வந்து 30 நாளைக்குள்ள தெரிவிக்கணும்னு அதோட 40-வது பிரிவு சொல்லுச்சு. எல்லாரும் சொல்லலைன்னு அரசாங்கத்துக்கே தெரியும். அதனால 2003-ல் இன்னொரு வாய்ப்பு: 180 நாள். யானைத் தந்தம், புலித்தோல், மான்கொம்புன்னு பரண்ல கிடக்குற தாத்தா காலத்துச் சாமானுக்கெல்லாம் அப்போ கணக்கு கேட்டாங்க.

அதுக்குள்ள சந்தை மாறிடுச்சு. பரண்ல கிடந்த கொம்பு போய், பாங்காக் ஃப்ளைட்டில் சூட்கேஸுக்குள்ள உயிரோட வர்ற பாம்பு வந்துச்சு. சென்னை ஏர்போர்ட்டில் பால் பைதான் பிடிபட்ட செய்தி இப்போ சர்வ சாதாரணம். 2024 ஏப்ரலில் பெங்களூரு ஏர்போர்ட்டில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருத்தரோட பெட்டியில் பத்து மஞ்சள் அனகோண்டா இருந்துச்சு. வெளிநாட்டு விலங்குகளைப் பத்தி நம்ம சட்டத்தில் ரொம்ப காலம் ஒரு ஓட்டை இருந்துச்சு. உள்ளே கொண்டு வர்றப்போ கஸ்டம்ஸ் பிடிக்கலாம். வீட்டுக்குள்ள வந்துட்டா கேட்க ஆள் இல்லை.

அதை அடைக்க மூணாவது தடவை கேட்டாங்க. 2020 ஜூனில், வெளிநாட்டு உயிரினம் வெச்சிருக்கவங்க ஆறு மாசத்துக்குள்ள தாங்களே தெரிவிச்சா ஆவணம் கேட்க மாட்டோம்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிச்சுது. அப்புறம் 2022-ல் சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1-ல் அது அமலுக்கு வந்துச்சு. 2024 பிப்ரவரி 28-ல் பதிவு செய்யறதுக்கான விதிகளும் வந்துச்சு. மறுபடியும் ஆறு மாசம், பரிவேஷ் போர்ட்டலில்.

இதையெல்லாம் படிச்சதும் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். "நீ பரிவேஷ்ல ரிஜிஸ்டர் பண்ணியாடா?" "இல்ல மாப்ள, இப்போ பண்ணிடலாமா?"ன்னான்.

பண்ண முடியாது. காரணம் தேதி முடிஞ்சு போனது மட்டும் கிடையாது. பர்மீஸ் பைதான்னு பேர்ல பர்மா இருந்தாலும், நம்ம வடகிழக்கு மாநிலக் காடுகள்ல அது இயற்கையாவே இருக்கு. அதனால சட்டத்தோட பார்வையில் அது வெளிநாட்டு உயிரினமே இல்லை. நம்ம ஊர் மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட் பைதான், இது, மூணுமே முதல் அட்டவணையில் இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை. அந்தப் பதிவுத் திட்டம் எதுவும் இதைத் தொடாது. முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை, குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம்.

சட்டத்தை மீறி அடைச்சு வெச்ச அப்படி ஒரு விலங்கு அரசாங்கச் சொத்துன்னும், அது ஒருத்தர் கைக்கு வந்தா 48 மணி நேரத்துக்குள்ள போலீஸுக்கோ அதிகாரிக்கோ சொல்லணும்னும் 39-வது பிரிவு சொல்லுது. நான் மாடி ரூம் கதவைத் திறந்துவிட்ட நிமிஷத்திலிருந்து எனக்கும் அந்த 48 மணி நேரம் ஓட ஆரம்பிச்சிடும்.

அன்னைக்கு ராத்திரி இதையெல்லாம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசலை. அப்புறம் சொன்னான்: "அப்ப ஒண்ணு பண்ணலாம் மாப்ள. வண்டில ஏத்திட்டு மதுரைக்கு வர்றேன். சிறுமலைல கொண்டு போய் விட்டுரலாம். காட்டுலதானே இருக்க வேண்டியது அது? அது பாட்டுக்கு நல்லா இருக்கும்."

அதைக் கேட்டப்போ எனக்கும் ஒரு நிமிஷம் சரின்னுதான் பட்டுச்சு. பாம்புக்கும் விடுதலை, இவனுக்கும் கேஸ் இல்லை. சிறுமலை எங்க வீட்டிலிருந்து ஒண்ணரை மணி நேரம்கூட ஆகாது.

ஃப்ளோரிடாவில் இதையே யோசிச்சவங்க

இதே யோசனை, இதே பாம்பு, அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஏற்கனவே ஓடி முடிஞ்ச படம்.

அமெரிக்காவில் பர்மீஸ் பைதான் சர்வ சாதாரணமா செல்லப்பிராணிக் கடையில் கிடைச்சுது. 1996-லிருந்து 2006 வரைக்கும் மட்டும் சுமார் 99,000 பாம்பு இறக்குமதி ஆச்சு. விலை குறைவு, குட்டி அழகு. மூணு வருஷத்தில் அது பத்தடி. இன்னும் கொஞ்ச வருஷத்தில் பதினஞ்சு அடி, ஒரு ஆளோட எடை. வாங்கினவங்க கல்யாணம் பண்ணாங்க, வீடு மாறினாங்க, குழந்தை பெத்தாங்க. பாம்பு மட்டும் அங்கேயே வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. மிருகக்காட்சி சாலையில் கேட்டா இடமில்லை. பக்கத்திலேயே எவர்கிளேட்ஸ்னு பெரிய சதுப்பு நிலக்காடு. ராத்திரியில் காரில் கொண்டு போய் விட்டுட்டு வந்தாங்க. 1992-ல் ஆண்ட்ரூ புயல் அடிச்சப்போ ஒரு பாம்பு வளர்ப்புப் பண்ணையும் உடைஞ்சுது. 2000 வாக்கில், இது அங்கே குடும்பம் நடத்தி இனம் பெருக்கிடுச்சுன்னு விஞ்ஞானிகள் ஒத்துக்கிட்டாங்க.

2012-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. பைதான் பெருகுறதுக்கு முன்னாடி ராத்திரி ரோட்டில் வண்டி ஓட்டிப் போய் எண்ணின விலங்குகளையும், 2003-லிருந்து 2011 வரைக்கும் எண்ணினதையும் ஒப்பிட்டாங்க. ரக்கூன் 99.3 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அப்போசம் 98.9 சதவீதம். பாப்கேட்ங்கிற காட்டுப்பூனை 87.5 சதவீதம். முயலை ஒண்ணுகூடப் பார்க்கலை.

ஒரு பெண் பாம்பு எவ்வளவு முட்டை போடும்னு கேட்டா, 2022-ல் அங்கே பிடிச்ச ஒரு பாம்பைச் சொல்லலாம். சுமார் 18 அடி, 98 கிலோ. வயித்துக்குள்ள வளர்ந்துக்கிட்டிருந்த முட்டை 122.

வீட்டுக்குள்ளயும் ஒரு விலை கொடுத்தாங்க. 2009 ஜூலையில் அதே ஃப்ளோரிடாவில், வீட்டில் வளர்த்த ஒரு பர்மீஸ் பைதான் ராத்திரியில் தன் கூண்டிலிருந்து வெளிய வந்து, தூங்கிக்கிட்டிருந்த ரெண்டு வயசுக் குழந்தையை நெரிச்சுக் கொன்னுடுச்சு. அதுவும் அல்பினோதான். எட்டரை அடி. என் நண்பனோடதை விடச் சின்னது. அடுத்த வருஷம் ஃப்ளோரிடா இதைச் செல்லப்பிராணியா வளர்க்கத் தடை போட்டுச்சு. 2012-ல் அமெரிக்க மத்திய அரசும் இறக்குமதியை நிறுத்துச்சு. காட்டில் ஏற்கனவே பெருகினதை என்ன பண்றதுன்னுதான் யாருக்கும் தெரியலை.

"அது அமெரிக்கா மாப்ள, இங்க அப்படி ஆகாது. ஒரே ஒரு பாம்புதானே"ன்னான். நியாயமான கேள்வி. ஒரு பாம்பை விட்டா உடனே சிறுமலை எவர்கிளேட்ஸ் ஆகிடாது. ஆனா இங்கே வேற ஒரு சிக்கல் இருக்கு. நம்ம மலைப்பாம்பும் பர்மீஸ் பைதானும் ரொம்ப நெருங்கிய சொந்தம். 2009 வரைக்கும் ரெண்டையும் ஒரே இனத்தோட ரெண்டு கிளையாத்தான் வெச்சிருந்தாங்க. ரெண்டும் சேர்ந்து குட்டி போடும். 2018-ல் ஃப்ளோரிடாவில் பிடிச்ச சுமார் 400 பாம்போட மரபணுவைப் பார்த்தப்போ, 13 பாம்புகள்ல இந்திய மலைப்பாம்போட தடயம் இருந்துச்சு. அங்கே நடந்த கலப்பு இங்கேயும் நடக்கலாம். மாசுணம்னு பேர் வெச்சு ரெண்டாயிரம் வருஷமா நாம வழிவிட்டு வந்த பாம்போட ரத்தத்தில், ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வாங்கின பாம்பு கலந்துடும். அப்படி எதுவும் ஆகலைன்னாலும், மூணு வருஷமா கையால முயல் வாங்கித் தின்ன, எங்க கிடந்தாலும் பளிச்சுனு தெரியுற மஞ்சள் பாம்பு காட்டுல எத்தனை நாள் தாங்கும்? விடுதலைன்னு நாம பேர் வெச்சா போதுமா?

மாசியும் வடிவேலும்

ஃப்ளோரிடா கதையில் இதுக்கு அப்புறம் வர்ற பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏன்னா அதில் நம்ம ஆளுங்க வர்றாங்க.

பாம்பைப் பிடிக்க ஃப்ளோரிடா போட்டியே வெச்சுது. 2016-ல் ஆயிரம் பேருக்கு மேல ஒரு மாசம் தேடி 106 பாம்பு பிடிச்சாங்க. அடுத்த வருஷம், 2017 ஜனவரியில், ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ரெண்டு இருளர்களைக் கூப்பிட்டுச்சு. மாசி சடையன், வடிவேல் கோபால். ரெண்டு மொழிபெயர்ப்பாளர்களோட சேர்த்து மொத்தச் செலவு சுமார் 69,000 டாலர்.

உள்ளூர் வேட்டைக்காரங்க வண்டியில் கரையோரம், ரோட்டோரம் பார்த்துக்கிட்டே போவாங்க. இவங்க ரெண்டு பேரும் அடர்ந்த புதருக்குள்ள நடந்து போனாங்க. தடம், எச்சம், சட்டை உரிச்ச தோல், இதையெல்லாம் வெச்சுப் பாம்பு எங்கேன்னு சொன்னாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு. அதில் ஒண்ணு கீ லார்கோ தீவில் பிடிச்ச, சுமார் 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

சந்தோஷமான செய்திதான். ஆனா கொஞ்சம் நிதானிச்சுப் பார்த்தா இதில் ஒரு வலி இருக்கு. யாரோ ஆசைப்பட்டு வாங்கி, யாரோ முடியாம விட்ட பாம்பைத் தேட, உலகத்தோட இன்னொரு மூலையிலிருந்து ரெண்டு பேர் விமானம் ஏறிப் போக வேண்டியிருந்துச்சு. அந்த ரெண்டு பேரோட சமூகம் தங்கள் காட்டில் தங்கள் தொழிலைச் செய்ய என்ன பாடு பட்டுச்சுன்னும் தெரிஞ்சுக்கணும்.

விடுற நாளும் சேர்ந்த கணக்கு

ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பு பிடிச்சது தோலுக்காக. வெளிநாட்டில் செருப்பும் கைப்பையும் செய்ய இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் பாம்புத்தோல் போச்சு. பெரிய லாபம் வியாபாரிக்கு, சில்லறைக் காசு பிடிச்சவருக்கு. 1972-ல் சட்டம் வந்துச்சு, 1976-ல் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்துச்சு. பாம்புக்கு நல்லது. ஆனா ஒரே நாளில் ஒரு சமூகத்தோட பிழைப்பு குற்றமா மாறிடுச்சு.

அப்போ விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாச்சு. முதலைப் பண்ணை வளாகத்தில்தான் அது இயங்குது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் வனத்துறை அனுமதிக்கிற எண்ணிக்கைக்குள்ள பிடிப்பாங்க. மண்பானையில் வெச்சு, துணியால வாயைக் கட்டிடுவாங்க. மூணு நாலு வாரம் வெச்சிருந்து, வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுப்பாங்க. அப்புறம் வயித்துச் செதில்ல ஒரு சின்ன அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுடுவாங்க. அந்த அடையாளம் இருக்கிற பாம்பு உடனே மறுபடி கையில் கிடைச்சா எடுக்க மாட்டாங்க. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடுற மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகுது. மதுரை பெரியாஸ்பத்திரியில் பாம்பு கடிச்சு வர்ற விவசாயிக்கு ஏத்துற மருந்தோட ஆரம்பம் ஒரு மண்பானையா இருக்கலாம்.

எனக்கு இதில் பிடிச்சது அந்தப் பானைக் கணக்கு. பாம்பு உள்ளே வர்ற நாளே அது வெளிய போற நாளும் தெரியும். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும், எங்கே போகும்னு தெரியும், யார் பொறுப்புன்னு தெரியும். கோடு எழுதுறவங்களுக்குச் சட்டுனு புரியும். லூப் எழுதும்போதே எங்கே பிரேக் ஆகணும்னு எழுதிடணும். அதை விட்டுட்டு ரன் பண்ணா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

ஃப்ளோரிடாவில் பாம்பு வாங்கின யாரும் கெட்டவங்க கிடையாது. என் நண்பனும் கிடையாது. அந்தப் பாம்பை அவன் கவனிச்சுக்கிட்ட மாதிரி அவன் தன்னையே கவனிச்சுக்கிட்டது இல்லை. இவங்க எல்லாரும் உள்ளே கொண்டு வர்றதைப் பத்தி மட்டும் யோசிச்சாங்க. வெளிய போற வழியை யோசிக்கலை.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு பால் பைதான் இருந்துச்சு. 1961-ல் ஒரு தனி ஆள் கொடுத்தது. 2020-ல் அது ஏழு முட்டை போட்டுச்சு. குறைஞ்சது 62 வயசு. கொடுத்தவருக்கு அப்போ என்ன பிரச்சினையோ தெரியாது. ஆனா அவர் கொடுத்துட்டுப் போன பாம்பு அதுக்கப்புறம் அறுபது வருஷம் இருந்துச்சு. பர்மீஸ் பைதான் கூண்டில் சாதாரணமா இருபது வருஷத்துக்கு மேல இருக்கும். என் நண்பன் கேட்டது ரெண்டு வருஷம். அவன் திரும்பி வரலைன்னா? எனக்கு நாளைக்கே பெங்களூரு ஆபீஸுக்கு வரச் சொல்லி மெயில் வந்தா?

முடிவு

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட கதையாச் சொன்னேன். அவங்களுக்கு எண்பதுக்கு மேல. நாகமலை அடிவாரத்தில் ஆடு மேய்ச்சவங்க, பாம்பெல்லாம் அவங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. போட்டோவைக் காட்டினேன். "மஞ்சப்பூசி விட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க: "ஏய்யா, நீ ஊருல இல்லாத அன்னைக்கு இதுக்கு யாரு கஞ்சி ஊத்துறது?"

நாய்க்குட்டி கேட்டு அழுதப்போ, எனக்கு எட்டு வயசு, அப்பவும் இதையேதான் கேட்டாங்க. அன்னைக்கும் என்கிட்டப் பதில் இல்லை.

நண்பனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். "நான் வெச்சுக்க மாட்டேன்டா. சிறுமலைக்கும் வர மாட்டேன். நீயே வனத்துறைல ஒப்படைச்சிரு. அதுக்கு முன்னாடி ஒரு வக்கீலப் பாரு."

கோவப்பட்டான். "நீ ஈசியா சொல்லிட்ட. ஜெயிலுக்குப் போறது நான்தானே? விசா வேற தூங்கிட்டுப் போயிரும்." அவன் பயம் நிஜம். சான்றிதழோட வெச்சிருக்கவங்க தாங்களே ஒப்படைக்க 2022 திருத்தத்தில் வழி இருக்கு. இவன்கிட்டச் சான்றிதழ் கிடையாது. தானா போய் ஒப்படைச்சா கேஸ் வராதுன்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியலை. நான் வக்கீல் இல்லை, சட்டத்தைப் படிச்ச ஒரு இன்ஜினியர், அவ்வளவுதான். பத்து நாள் அவன் எனக்குப் போன் பண்ணலை. அந்தப் பத்து நாளும், ஒருவேளை தனியாவே சிறுமலைக்கு வந்துட்டானோன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் ராத்திரி அவனோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் திண்டுக்கல் பிரியாணி போட்டோ பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரலை. அது வேளச்சேரி பிராஞ்ச்னு மறுநாள்தான் தெரிஞ்சுது.

இந்த எபிசோடுக்கு அவன் சம்மதம் வாங்கித்தான் பேசுறேன். அவன் யாருன்னு தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன். ரெக்கார்ட் பண்றதுக்கு முந்தின நாள் மெசேஜ் வந்துச்சு: "வக்கீலப் பாத்துட்டேன் மாப்ள. திங்கக்கெழம வனத்துறை ஆபீஸ் போறோம். அவனத் தூக்கி வண்டில வைக்க ஒரு ஆள் வேணும். வர்றியா?"

வர்றேன்னு சொல்லியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு.

பாம்பு பிடிக்கும்னா, ஈசிஆரில் முதலைப் பண்ணைக்குப் போங்க. அங்கேயே இருளர் சங்கத்தில் விஷம் எடுக்கிறதைப் பார்க்கலாம். டிக்கெட் வாங்குற காசு ஒரு நல்ல வேலைக்குப் போகுது. இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற யார் வீட்டிலாவது ஏற்கனவே ஒரு "ரெண்டடி" வளர்ந்துக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு காட்டில் விட்டுடாதீங்க. முதல்ல ஒரு வக்கீல்கிட்டப் பேசுங்க. அது பதினோரு அடி ஆகுறதுக்கு முன்னாடி பேசுங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.